மெல்லிய எழுத்து எதுவரை தெரியும்?

பெரியதாழைக் கடற்கரையில் கரையேற்றி நிறுத்தியிருக்கும் வள்ளங்களைப் பாருங்கள். பெயரும் பதிவு எண்ணும் தடித்த எழுத்தில் தீட்டப்பட்டிருக்கும். ஆனால் அதே ஊருக்கு வரும் கலியாணப் பத்திரிகையில் மணமக்களின் பெயர்கள் மயிரிழை போன்ற கோடுகளில், கையால் எழுதியதுபோல் சாய்ந்து ஓடும். இரண்டையும் இடம் மாற்றினால் என்ன ஆகும்?

அருகருகே உள்ள இரு கோடுகளை நம் கண் தனித்தனியாகக் காண, அவற்றின் இடைவெளி கண்ணில் ஏற்படுத்தும் கோணம் சுமார் 1/60 பாகையாவது இருக்கவேண்டும். 30 செ.மீ. தூரத்தில் வைத்துப் படிக்கும் தாளில் இது ஏறக்குறைய 0.09 மி.மீ.; 100 மீட்டர் தூரத்தில் நிற்கும் வள்ளத்தில் 3 செ.மீ. அதற்குக் குறைந்தால் 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று கலந்து 'ன' போலத் தோன்றும். பத்திரிகையில் 'மணம்' 'மனம்' ஆனால் சிரித்துவிட்டுப் போகலாம். கடலில் காணாமற்போன வள்ளத்தைத் தேடிச் செல்பவர்களுக்கு அது சிரிக்கும் விஷயமன்று.

கோட்டின் பருமன் எழுத்தின் அளவில் 50-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 72 புள்ளி அளவில் அது அரை மி.மீ.; நன்றாகத் தெரியும். 10 புள்ளியில் 0.07 மி.மீ. தான். சாதாரணக் கணினித் திரையில் ஒரு படப்புள்ளியே சுமார் 0.26 மி.மீ. ஆதலால் கோடு கறுப்பாக விழாமல் சாம்பல் நிறமாய் மங்கிவிடும். பெயருக்கும் தலைப்புக்கும் இவ்வெழுத்து பொருந்தும். பாடப்புத்தகத்தின் பக்கங்களை இதில் நிரப்பினால் நீங்கள்தான் பாவம்!

கையெழுத்தை அச்சில் கொண்டுவரும் ஆசை பழையது. பிரான்சில் ராபர்ட் கிரான்ஜோன் 1557-இல் கையெழுத்துப் போன்ற அச்செழுத்தை வெட்டினார். நம் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றீக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சானது. ஓலைச்சுவடியைப் போலவே அதிலும் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி கிடையாது. ஈய எழுத்துகள் தனித்தனிக் கட்டைகள். அடுத்த எழுத்தைத் தொட நீட்டிய மெல்லிய வால் எளிதில் முறிந்துவிடும். ஒளியச்சுக்கோப்பு வந்தபின் அந்தத் தொல்லை நீங்கியது. மேத்யூ கார்ட்டர் 1966-இல் வெளியிட்ட 'ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்' அப்படிப் பிறந்ததே.

இறகுப் பேனாவை அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். ஐரோப்பியக் கையெழுத்தின் நளினம் அதில்தான். எழுத்தாணியோ எங்கும் ஏறக்குறைய ஒரே பருமனில் கீறும். தமிழுக்கு அழகு சுழியிலும் வளைவிலும் வந்தது. தாரிக் அஸீஸ் உருவாக்கிய 'கவிவாணர்' என்ற சாய்வெழுத்தைக் கணினியில் இலவசமாக இறக்கிப் பார்த்தால் இது புரியும்.

ஒரு சோதனை செய்யுங்கள். கோடுகளுக்கிடையே 1 மி.மீ. இடைவெளி இருக்கும்படி 'ண', 'ன' எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பார்த்துக்கொண்டே பின்னால் நடங்கள். எங்கே குழப்பம் வருகிறதோ அங்கே நின்று தூரத்தை அளவுங்கள். கணக்குப்படி அது 3½ மீட்டரை ஒட்டி வரவேண்டும். உங்கள் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வருகிறது?