விண்ணிலிருந்து மழையை அளத்தல்

"நேற்று எவ்வளவு மழை?" என்று வினவினால், "ஓர் உழவுக்குப் போதும்" என்று நம் விவசாயிகள் விடையளிப்பர். அதுவும் பயனுள்ள கணக்கே. ஆயினும் ஏரிக்கு வரும் நீரை மதிப்பிடவும், வறட்சியையோ வெள்ளத்தையோ மெய்ப்பிக்கவும் மில்லிமீட்டர்க் கணக்கு வேண்டும். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 4,000 லிட்டர் நீர் விழுந்ததாகும். 10 மில்லிமீட்டர் பிசகினால் ஏக்கருக்கு 40,000 லிட்டர் பிசகும்.

மழைமானி தான் நிற்கும் இடத்து மழையை மட்டுமே அளக்கும். நடுக்கடலிலும் இமயமலையின் உயரங்களிலும் மழைமானிகள் மிக அரியன. மலைமீது வைத்தாலும், பனித் துகள்களைக் காற்று விலக்கிச் செல்வதால் கருவி குறைத்தே காட்டும். கங்கைக்கும் சிந்துவுக்கும் உருகி நீர் தருவதோ அந்தப் பனி!

இக்குறையைப் போக்க, 1997 நவம்பரில் அமெரிக்காவும் ஜப்பானும் இணைந்து டி.ஆர்.எம்.எம். என்னும் செயற்கைக்கோளை ஏவின. மழையை அளக்கும் ராடார் விண்ணுக்குச் சென்றது அதுவே முதன்முறை. 2015 வரை உழைத்த அக்கோள் வெப்ப மண்டலப் பகுதிகளையே நோக்கியது. 2014 பிப்ரவரியில் ஏவப்பட்ட ஜி.பி.எம். கோளோ, வடக்கிலும் தெற்கிலும் 65 பாகை வரை சுற்றி வந்து பனிப்பொழிவையும் அளக்கவல்லது. இடையில் 2011இல் இந்தியாவும் பிரான்சும் கூடி மேகா டிராபிக்ஸ் என்னும் கோளை ஏவியதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

மேகத்தின் படத்தை மட்டும் கண்டு மழையைக் கணிப்பது, அடுப்புப் புகையைக் கண்டு சோற்றின் அளவைச் சொல்வது போன்றது. ராடார் அவ்வாறன்று. அது கீழ்நோக்கி அலைகளை விடுக்கிறது. மழைத்துளிகளும் பனித் துகள்களும் அவற்றில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. திரும்பும் நேரத்தைக் கொண்டு உயரமும், வலிமையைக் கொண்டு மழையின் கடுமையும் அறியப்படும். ஜி.பி.எம். இருவகை அலைகளைப் பயன்படுத்துவதால் பெருந்துளி, சிறுதுளி என்னும் வேறுபாடும் புலனாகிறது.

மற்றொரு கருவி, பொருள்கள் இயல்பாகவே வெளியிடும் மைக்ரோ அலைகளை உணர்கிறது. கடற்பரப்பு இவ்வலைகளை மங்கலாகவே வெளியிடுவதால், அதன்மேல் மழை தெளிவாகத் தெரியும். நிலமோ தானே மிகுதியாக அலைகளை வெளியிடும். ஆகையால் நிலத்தின்மேல், மேகத்தின் உச்சியிலுள்ள பனிக்கட்டித் துகள்கள் அவ்வலைகளைச் சிதறடிப்பதைக் கொண்டே மழை கணிக்கப்படுகிறது. பனிக்கட்டி மிகாத தாழ்ந்த மேகங்கள் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் பொழியும்போது கணக்குக் குறைந்துவிடுவது இதனாலேயே.

ஒரே கோள் எவ்விடத்தையும் இடைவிடாது பார்த்திருக்க இயலாது. ஆகவே பல நாடுகளின் கோள்கள் தரும் செய்திகளை ஒன்றுகூட்டி, அரை மணிக்கு ஒருமுறைக்குரிய மழைக்கணக்கை வகுக்கின்றனர். அதில் ஒரு கட்டம் நம் பகுதியில் ஏறத்தாழ 120 சதுர கிலோமீட்டர். ஒரு கட்டத்தில் பல கிராமங்கள் அடங்கும். கிடைப்பதோ அனைத்திற்கும் ஒரே சராசரி. கீழ்த்தெரு நனைந்து மேல்தெரு காய்ந்திருக்கும் கோடைமழையை அது பிரித்துக் காட்டாது. முதற்கணக்குச் சில மணி நேரத்தில் வெளிவரும். முடிவான கணக்கோ, தரையிலுள்ள மழைமானிகளின் மாதாந்தர அளவுகளுடன் ஒப்பிட்டுத் திருத்தப்பெற்றுச் சில மாதங்கள் கழித்தே வரும்.

எனவே பஞ்சாயத்தில் மழைமானி இருப்பின் அதைக் கைவிடலாகாது. மரமோ கட்டடமோ அருகிலிருந்தால், அதன் உயரத்தைப்போல் இருமடங்கு தொலைவுக்கேனும் அப்பால் மழைமானியை நிறுத்துக. நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து பதிவேட்டில் எழுதுக. மழையில்லாத நாளில் இடத்தை வெறுமையாக விடாது, பூஜ்யம் என்றே எழுதுக.