கிரிபேஜ்: எண்ணத் தெரிந்தால்தான் வெற்றி

கம்ப்யூட்டரில் சீட்டாட்டம் என்றால் நம்மில் பலருக்கு சாலிடேர், ஃப்ரீசெல், ஹார்ட்ஸ் இவைதான் நினைவுக்கு வரும். கிரிபேஜ் என்றும் ஓர் ஆட்டம் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பிறந்தது. சர் ஜான் சக்ளிங் என்ற கவிஞர் இதை உருவாக்கியதாகச் சொல்வார்கள்.

சென்ற மாதம் இதை கம்ப்யூட்டருடன் ஆடிப் பார்த்தேன். ஐந்து ஆட்டங்களிலும் தோல்வி. சீட்டு ஒன்றும் மோசமில்லை, எனக்குத்தான் புள்ளிகளை எண்ணத் தெரியவில்லை. செட்டிங்ஸில் ‘மகின்ஸ்’ என்ற விதி ஆன் ஆகியிருந்தது. நாம் எண்ணாமல் விட்ட புள்ளிகளை எதிராளி எடுத்துக்கொள்ளலாம் என்பதே அந்த விதி. கம்ப்யூட்டர் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை!

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். இருவர் ஆடினால் ஆளுக்கு 6 சீட்டு. ஒவ்வொருவரும் இரண்டை ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய நான்கும் சேர்ந்தது ‘கிரிப்’. அது சீட்டுப் போட்டவருக்குச் சொந்தம். பிறகு கட்டை வெட்டி ஒரு சீட்டைத் திறப்பார்கள். அதன் பெயர் ஸ்டார்ட்டர். அது ஜாக்காக இருந்தால் சீட்டுப் போட்டவருக்கு உடனே 2 புள்ளி. அடுத்து, கூட்டுத்தொகை 31-ஐத் தாண்டாதபடி மாறி மாறிச் சீட்டு இறக்க வேண்டும். அதிலும் புள்ளிகள் உண்டு. முதலில் 121 எடுப்பவர் ஜெயித்தவர்.

நான் தடுமாறியது அதற்குப் பிறகு வரும் எண்ணிக்கையில். கையிலுள்ள நான்கு சீட்டுடன் ஸ்டார்ட்டரையும் சேர்த்து எண்ண வேண்டும். கூட்டினால் 15 வரும் ஒவ்வொரு சேர்க்கைக்கும் 2. ஒவ்வொரு ஜோடிக்கும் 2. மூன்றோ அதற்கு மேலோ வரிசையாக வந்தால் சீட்டுக்கு 1. கையிலுள்ள நான்கும் ஒரே இனம் என்றால் 4, ஸ்டார்ட்டரும் அதே இனம் என்றால் 5. (கிரிப்பில் ஐந்தும் ஒரே இனமாக இருந்தால்தான் புள்ளி.) ஸ்டார்ட்டரின் இனத்திலேயே ஜாக் கையில் இருந்தால் 1.

என் கையில் 7, 7, 8, 8. ஸ்டார்ட்டர் 9. இரண்டு பதினைந்து, இரண்டு ஜோடி, ஒரு வரிசை என்று 11 சொன்னேன். சரியான விடை 24! ஒவ்வொரு 7-ம் ஒவ்வொரு 8-உடன் சேர்வதால் பதினைந்து நான்கு, அதற்கு 8. ஜோடிகளுக்கு 4. அதேபோல 7-8-9 வரிசையும் நான்கு முறை, அதற்கு 12. மீதி 13 புள்ளி கம்ப்யூட்டருக்குப் போயிற்று.

ரோஷம் வந்து பைத்தானில் ஒரு சிறிய புரோகிராம் எழுதினேன். ஐந்து சீட்டில் ஒவ்வொன்றும் சேர்க்கையில் இருக்கும் அல்லது இருக்காது. அதாவது 1 அல்லது 0. எனவே 1 முதல் 31 வரையுள்ள பைனரி எண்களே எல்லாச் சேர்க்கைகளும். 12 என்றால் 01100, அதாவது இரண்டாவது, மூன்றாவது சீட்டுகள் மட்டும்.

இரண்டு இடத்தில் தவறினேன். கூட்டுவதற்கு ஜாக், குயின், கிங் மூன்றுக்கும் 10 என்று வைத்ததால், ஜாக்கையும் கிங்கையும் புரோகிராம் ஜோடியாக்கிவிட்டது. ஒவ்வொரு சீட்டுக்கும் மதிப்பு ஒன்று, வரிசை எண் ஒன்று என இரண்டு எண் தர வேண்டும். இன்னொன்று, 4-5-6-7 என்ற வரிசைக்கு 10 புள்ளி கொடுத்தது. உள்ளே இருக்கும் 4-5-6, 5-6-7 இரண்டையும் தனியாக எண்ணியதுதான் காரணம். முதலில் ஐந்து சீட்டு வரிசை, பிறகு நான்கு, பிறகு மூன்று என்று தேடி, கிடைத்ததும் நிறுத்தினால் சரியாகிவிடும். ஏஸ் எப்போதும் 1 மட்டுமே. குயின், கிங், ஏஸ் வரிசையாகாது. ரம்மி ஆடுபவர்கள் இங்கே கவனம்!

சோதித்துப் பார்க்க ஒரு கை: மூன்று 5, ஒரு ஜாக், ஸ்டார்ட்டராக அந்த ஜாக்கின் இனத்திலேயே நான்காவது 5. விடை 29 வர வேண்டும். இதுதான் உச்சம். 2,16,580 கைகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் வரும். எந்தக் கைக்கும் 19 வராது. அதனால் புள்ளியே இல்லாத கையை வேடிக்கையாக ‘19’ என்பார்கள்.

மூவர் ஆடினால் ஆளுக்கு 5 சீட்டு, கிரிப்புக்கு ஒன்று. ஆளுக்கு ஒன்றாக ஒதுக்கியதும் கிரிப் நான்காகும். நால்வர் இரண்டு அணியாக ஆடும்போதும் ஆளுக்கு 5தான். 61 புள்ளியில் முடியும் பழைய ஐந்து சீட்டு ஆட்டமும் உண்டு.

நீங்கள் ஆடத் தொடங்கும்போது கம்ப்யூட்டரே எண்ணித் தரும் வசதியை ஆஃப் செய்துவிடுங்கள். மகின்ஸையும் சில நாட்கள் ஆஃப் செய்யலாம். நான் பத்து நாள் கழித்து மறுபடி ஆன் செய்தேன். முதல் ஆட்டத்தில் கம்ப்யூட்டருக்கு நான் விட்டுக்கொடுத்தது 2 புள்ளிதான்.