சென்னை பேஸ் என்று போனில் சொன்னார்கள்

லைசென்ஸ் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைகள் எனக்குப் போன் செய்தால் முதலில் கேட்பது சம்பளம். அடுத்து, "ஜெட்டாண்ணா, டர்போபிராப்பாண்ணா?" இரண்டு கம்பெனியில் எதற்குப் போவது என்று கேட்கிற பாவனைதானே தவிர, முடிவை முன்பே எடுத்திருப்பார்கள். நான் ஆமாம் போட வேண்டும், அவ்வளவுதான். இனி போனில் சொல்லப்போவதில்லை, எழுதிவிடுகிறேன்.

எனக்கு வேலைக்கான இரண்டு கடிதங்களும் வந்தது 2023-ல். விமானக் கம்பெனிகளுக்குப் பித்துப் பிடித்திருந்த வருடம் அது. பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்கள் வாங்கப்போவதாக அறிவித்தது. ஜூனில் பாரிஸ் விமானக் கண்காட்சியில் இண்டிகோ ஒரே ஆர்டரில் 500 கேட்டது. நடுவில், மே 2-ஆம் தேதி, கோ பர்ஸ்ட் திவால் மனு போட்டுவிட்டு மறுநாளிலிருந்து பறக்கவே இல்லை. அங்கிருந்த அனுபவசாலிகள் சம்பள பாக்கியோடு ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் நின்றார்கள். அந்த வரிசைக்குள் 200 மணி நேரம் மட்டுமே பறந்த, புதுச்சேரிப் பக்கத்துக் கரியமாணிக்கத்துப் பையனுக்கு இரண்டு வேலை கிடைத்ததை ஊரில் அதிர்ஷ்டம் என்றார்கள். மின்வெட்டில் செல்போன் டார்ச்சில் நேவிகேஷன் கணக்குப் போட்டவனுக்கு அந்தச் சொல் பிடிக்காது.

சிபிஎல் லைசென்ஸ், கிளாஸ் 1 மெடிக்கல், எழுத்துத் தேர்வு, சிமுலேட்டர் செக், இன்டர்வியூ எல்லாம் எல்லாருக்கும் ஒன்றுதான். அதைச் சொல்லித்தரக் கோச்சிங் சென்டர்கள் இருக்கின்றன, காசும் வாங்குகின்றன. அவர்கள் சொல்லித்தராததைச் சொல்கிறேன்.

முதல் கம்பெனி ஏடிஆர் 72 டர்போபிராப் ஓட்டக் கூப்பிட்டது. அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் செலவு அவர்களுடையது, பதிலுக்குச் சில வருடம் விலகக் கூடாது என்று பாண்டு. சம்பளம் சுமார். பேஸ் ஐதராபாத் என்று கடிதத்திலேயே அச்சாகியிருந்தது. இரண்டாவது கம்பெனி ஏர்பஸ் ஏ320 ஜெட். டைப் ரேட்டிங் என் செலவு, அதற்கு மேல் பாண்டும் உண்டு. ஆனால் லைனுக்கு வந்துவிட்டால் சம்பளம் கண்ணைப் பறிக்கும். பேஸ் சென்னை. இந்தக் கடைசி விஷயம் மட்டும் கடிதத்தில் இல்லை, போனில் இருந்தது.

பேஸ் என்றால் உங்கள் டியூட்டி தொடங்கி முடிகிற ஊர். அது சென்னை என்றால், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வந்தால்கூட திண்டிவனம் தாண்டி, மதகடிப்பட்டுக்குள் நுழைந்து, நெட்டப்பாக்கம் வழியாக மதியச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். அப்பா ஒன்றரைக் காணியை பேங்கில் வைத்திருப்பார், தங்கச்சிக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஆஸ்பத்திரிக்கு ஓட நீங்கள் ஒருவர்தான் ஆண்பிள்ளை. டில்லிக்காரர்களுக்கு நான் சொல்வது பொருந்தாது. அவர்கள் இதைப் படிக்கப்போவதுமில்லை.

வீட்டில் கலந்து பேசினோம். மடுகரை மாமாதான் அதிகம் பேசினார். "இன்னா மாப்ள, ரெண்டு கம்பேனி கூப்புடுதாமே? பெரிய ஏரோப்ளேனுக்கே போ. காத்தாடி மாட்டுன வண்டி ஓட்டுறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" எல்லாரும் சிரித்தோம். அப்பா மட்டும் கேட்டார்: "சென்னைனு எழுதிக் குடுத்துட்டாங்களாப்பா?" பெரிய கம்பெனியில் அப்படியெல்லாம் எழுத மாட்டார்கள் என்றேன். "நெல்லு ஏவாரிகிட்டயே சீட்டு வாங்கிக்கினுதான் மூட்டைய ஏத்துறோம்" என்று சொல்லிவிட்டு மோட்டார் போட வயலுக்குப் போனார்.

மறுநாள் கம்பெனிக்குப் போன் செய்தேன். எடுத்தவர் தமிழ்ப் பெண். "சென்னைதாங்க, கன்பார்ம். லெட்டர்ல பேஸ் போடுறது எங்க பாலிசி கிடையாது. நீங்க தைரியமா சைன் பண்ணுங்க" என்றார். தமிழில் சொன்னதால் கூடுதலாக நம்பினேனோ என்னவோ. ஐதராபாத்துக்கு நன்றி சொல்லி மெயில் போட்டுவிட்டு ஏர்பஸ் கடிதத்தில் கையெழுத்திட்டேன்.

பயிற்சி முடிந்து வந்த மெயிலில் பேஸ் டில்லி. கடிதத்தை எடுத்துப் பார்த்தால், கம்பெனியின் தேவைக்கேற்ப இந்தியாவில் எந்த பேஸுக்கும் அனுப்பப்படலாம், எப்போது வேண்டுமானாலும் மாற்றப்படலாம் என்று ஒரு வரி. அந்த வரியை நான் படிக்காமல் இல்லை. படித்துவிட்டுத்தான் போன் செய்தேன், அந்தப் போனை நம்பித்தான் கையெழுத்திட்டேன். அந்தப் பெண்ணைத் தேடினேன். வேலையை விட்டுப் போயிருந்தார். புதிதாக வந்தவர், "அவங்க அப்படிச் சொல்லியிருக்க வாய்ப்பே இல்ல சார்" என்றார். இதற்கு மேல் என்ன பேச?

டில்லி கெட்ட ஊர் என்று சொல்லவில்லை. துவாரகாவில் அறை, வாடகை, குளிருக்கு ஒரு ஹீட்டர், எல்லாம் பழகிவிடும். பழகாதது கணக்கு. அப்போது வாராந்திர ஓய்வு குறைந்தபட்சம் 36 மணி நேரம். ராத்திரி பதினொன்றுக்கு இறங்கி டியூட்டி முடிந்தால், காலை முதல் விமானத்தில் ஸ்டாண்ட்பை டிக்கெட்டில் காலி இருக்கை கிடைக்க வேண்டும். கிடைத்தால் மூன்று மணி நேரம் போலச் சென்னை. அங்கிருந்து ஊருக்கு மூன்றரை மணி நேரம். வீட்டுக்குள் நுழைந்து சாப்பிட்டுப் படுத்தால், விடிவதற்குள் கிளம்ப வேண்டும். காலி இருக்கை கிடைக்காத வாரங்களில் அறையிலேயே படுத்துக்கொண்டு அம்மாவுடன் வீடியோ காலில் பேசுவேன். ஜிப்மரில் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த அன்று நான் ராய்ப்பூரில் ஓட்டல் அறையில் இருந்தேன். கையெழுத்துப் போட்டது தங்கச்சி. ஏர்பஸ் சம்பளத்தில் பாதி டிக்கெட்டுக்கும் இரண்டு வீட்டுச் செலவுக்கும் போனது எனக்கு இரண்டாம்பட்சம்.

விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்பார்கள். சொல்வது சுலபம். 2017-ல் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ போட்ட விதிப்படி பர்ஸ்ட் ஆபீசர் ஆறு மாதம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கேப்டன் என்றால் ஒரு வருடம். அதற்கு மேல் பாண்டு, கொடுத்து வைத்த காசோலை. புதிதாகத் தொடங்கிய ஆகாசா ஏர் கம்பெனியிலிருந்து 43 பைலட்டுகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் போய்விட்டார்கள் என்று 2023-ல் வழக்கே நடந்தது. கம்பெனிக்காரர்கள் பைலட்டுகள் மேல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், டிஜிசிஏ நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று டில்லி உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். வேலை ஒப்பந்தத்துக்குள் நாங்கள் தலையிட முடியாது என்றது டிஜிசிஏ. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்ட பையன்களை எனக்குத் தெரியும். டிஜிசிஏ தலையிடாது என்றால் உங்களுக்காகவும் தலையிடாது. உங்கள் பேஸ் டில்லியா சென்னையா என்று கேட்டு யாரிடம் போய் நிற்பீர்கள்?

ஆகையால் செய்ய வேண்டியது இது. போனில் யார் என்ன சொன்னாலும் அன்று ராத்திரியே அவர்களுக்கு மெயில் எழுதுங்கள். "இன்று தாங்கள் தொலைபேசியில் தெரிவித்தபடி எனது பேஸ் சென்னை, குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு மாற்றமில்லை என்று புரிந்துகொண்டு கையெழுத்திடுகிறேன்" என்று இரண்டு வரி போதும். பதில் மெயில் வந்தால் பத்திரப்படுத்துங்கள். மெயிலுக்குப் பதிலாக மறுபடி போன் வந்தால் இன்னொரு கம்பெனிக்குப் போய்விடுங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. லட்சக்கணக்கில் வாங்கிய பயிற்சிப் பள்ளியில், எல்லா எமர்ஜென்சிக்கும் செக்லிஸ்ட் தந்தார்கள், இதற்குத் தரவில்லை.

சம்பளத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், அதைத்தானே கேட்டீர்கள். மாதச் சம்பளம் இவ்வளவு என்று சொல்லும் தொகைக்குள் பெரும்பகுதி பறக்கும் மணிக்கான காசு. நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் எத்தனை மணிக்குக் காசு உறுதி என்பதைக் கேளுங்கள். விஸ்தாரா 2024-ல் ஏர் இந்தியாவோடு இணையத் தயாரானபோது, அந்த உறுதியை 70 மணியிலிருந்து 40 ஆகக் குறைக்கும் புது ஒப்பந்தத்தை நீட்டினார்கள். பைலட்டுகள் வரிசையாக உடம்பு சரியில்லை என்றார்கள், ஏப்ரல் தொடக்கத்தில் விமானங்கள் ரத்தாகின. 30 மணி நேர வித்தியாசம் என்றால் ஒரு வீட்டுக் கடன் தவணை. மணிக்கு அதிகம் தருகிறோம் என்கிற கம்பெனியைவிட, குறைவாகத் தந்து அதிக மணியை உறுதி செய்கிற கம்பெனி எனக்கு மேல். இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

டியூட்டி அட்டவணையான ரோஸ்டரை ஹெச்ஆரிடம் கேட்காதீர்கள். அங்கே ஓட்டிக்கொண்டிருப்பவனிடம் போன மாத ரோஸ்டரை வாங்கிப் பாருங்கள். 2025 ஜூலையில் வாராந்திர ஓய்வு 48 மணி நேரமானது. நான் டில்லியில் ஸ்டாண்ட்பை வரிசையில் நின்ற காலத்தில் அந்தப் பன்னிரண்டு மணி நேரம் இருந்திருந்தால் ஒரு மாதத்தில் இரண்டு முறை ஊருக்கு வந்திருப்பேன். நவம்பரில் வாரத்துக்கு ஆறாக இருந்த இரவுத் தரையிறக்கம் இரண்டாகக் குறைந்தது. அதற்குத் தேவையான ஆட்களை வைத்துக்கொள்ளாமல் டிசம்பரில் இண்டிகோ என்ன பாடுபட்டது, பயணிகளை என்ன பாடு படுத்தியது என்று எல்லாரும் டிவியில் பார்த்தார்கள். 5-ஆம் தேதி மட்டும் ஆயிரத்துக்கு மேல் விமானங்கள் ரத்து. அந்த வாரம் எந்தக் கம்பெனி யூனிபாரத்தைப் பார்த்தாலும் விமான நிலையத்தில் திட்டினார்கள். விதி தாளில் இருக்கும், ஆள் எண்ணிக்கை ரோஸ்டரில்தான் தெரியும்.

ஏடிஆரா ஏர்பஸ்ஸா என்ற கேள்விக்கு வருகிறேன். நான் ஏர்பஸ் எடுத்ததை யாரும் தப்பு என்று சொல்ல விடமாட்டேன். ஏடிஆரில் கேப்டன் ஆனபிறகு ஜெட்டுக்கு மாறினால் பெரும்பாலும் மறுபடி வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, புது டைப் ரேட்டிங்கோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் ஏடிஆர்காரனுக்குக் கை பழகும் என்பதையும் மறைக்க முடியாது. சின்ன ஊர், சின்ன ஓடுபாதை, ஒரு நாளில் நாலைந்து முறை ஏற்றி இறக்குவான். கேப்டனுக்குத் தேவையான ஏடிபிஎல் லைசென்ஸுக்கு வேண்டிய 1500 மணி நேரம் சேர்ந்ததும் கேப்டன் வரிசையும் அங்கே வேகமாக நகரும். என்னோடு படித்தவன் ஒருவன் ஐதராபாத் கம்பெனிக்குப் போனான். கேப்டன் ஆவதற்கான கமாண்ட் பயிற்சிக்குப் பெயர் வந்துவிட்டதாம். "உனக்குத்தான் அப்பவே சொன்னேனேடா" என்கிறான் இப்போது. அவன் சொல்லவில்லை. அப்போது அவன் அனுப்பியது "லக்கிடா நீ, ஏர்பஸ்" என்ற செய்தி. வாட்ஸ்அப்பில் இன்னும் இருக்கிறது.

மாமா விஷயத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. நம் புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர். ஏ320-க்குப் போதாது. 2017-லிருந்து சில வருடம் ஸ்பைஸ்ஜெட் வந்துபோனதும் காத்தாடி வைத்த கியூ400-இல்தான். அது நின்றுபோய், 2024 டிசம்பர் 20-ஆம் தேதி இண்டிகோ பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் சேவையைத் தொடங்கியது, ஏடிஆரில். அதில் பெங்களூர் போன மாமா, காத்தாடிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டார். "ஸூப்பர் வண்டி மாப்ள, நீ எப்ப இதுல வருவ?" என்று கீழே எழுதியிருந்தார். நான் பதில் போடவில்லை. அத்தை மட்டும் ஒரு சிரிப்பு பொம்மை போட்டார்.

நான் சென்னைக்கு வந்துவிட்டேன். யாரும் இரங்கித் தரவில்லை, சீனியாரிட்டி வரிசையில் என் முறை வந்தது. ஏர்பஸ்ஸில் உட்கார்ந்து சேர்த்த மணி நேரம் என்னோடு இருக்கிறது, அதனால்தான் போன மாதம் இன்னொரு கம்பெனி கூப்பிட்டது. மூன்று விஷயத்தைக் கடிதத்திலேயே அச்சிட்டுத் தரச் சொல்லி மெயில் போட்டேன்: பேஸ், எத்தனை மணி உறுதி, கமாண்ட் வரிசையில் நான் எங்கே சேர்வேன். முதல் இரண்டுக்கும் ஒரே நாளில் பதில் வந்தது. மூன்றாவதைப் பற்றி நேரில் பேசலாமே என்கிறார்கள். மெயிலில் அனுப்புங்கள் என்று திரும்ப எழுதியிருக்கிறேன். அது வரும்வரை ராஜினாமாக் கடிதம் எழுதுவதாக இல்லை.