மங்க்பிஷ்: முகம் காட்டாத மீன்

மீன்கடைகளில் தோல் உரித்த, வெள்ளையான, தடித்த வால் துண்டு ஒன்று பனிக்கட்டியின் மேல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் மங்க்பிஷ். பிரான்சில் இதனை லொத் என்பார்கள். இதை விரும்பி வாங்கும் எம்மவர்களில் பலர் இந்த மீனின் முகத்தை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்கள். காரணம், தலையை வெட்டிய பின்னரே பெரும்பாலும் இது கடைக்கு வருகிறது.

தோற்றம்

இந்த மீனின் உடம்பில் பெரும்பகுதி தலைதான். தட்டையான அகன்ற தலை, அதே அகலத்துக்கு வாய், உள்நோக்கிச் சாய்ந்த கூரிய பற்கள். செதில் கிடையாது. தலையின் மேல் உள்ள முதல் முள் தூண்டில் தடி போல நீண்டு, அதன் நுனியில் சிறு சதைத் துணுக்கு தொங்கும். கடலடி மணலில் மறைந்து கிடந்து இதை ஆட்டும். இரை என்று நினைத்துக் கிட்ட வரும் மீனை ஒரே வாயில் விழுங்கிவிடும். முன்னர் மீனவர்கள் பல இடங்களில் இதை வேண்டாம் என்று கடலிலேயே எறிந்தார்கள். இன்று இது விலை கூடிய மீன்களில் ஒன்று.

சத்து

சமைக்காத 100 கிராம் மீனில் ஏறத்தாழ 76 கலோரியும் 14.5 கிராம் புரதமும் உண்டு. கொழுப்பு 1.5 கிராம் மட்டுமே. உடல் எடையைக் குறைக்க விரும்புவோருக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் ஏற்றது. வாலில் நடுமுள் மட்டுமே இருப்பதால் சிறு பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் பயமின்றிக் கொடுக்கலாம். ஆனால் ஒமேகா-3 கொழுப்பு இதில் குறைவு. அதற்காக வாரத்தில் ஒரு தடவையாவது மக்கரல், சாடின், சாமன் போன்ற எண்ணெய் மீன்களையும் உண்ண வேண்டும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பாதரசம் கருதி இதை வாரத்தில் ஒரு தடவைக்கு மேல் உண்ணாதிருப்பது நல்லது. யப்பானியர் இதன் ஈரலை அவித்து விரும்பி உண்பார்கள். ஈரலில் விற்றமின் ஏ அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும்.

சமையல்

தோலின் கீழ் ஒரு சவ்வு இருக்கும். அதைக் கத்தியால் நீக்காவிட்டால் வேகும்போது சுருங்கி, துண்டுகளும் இறுகிவிடும். இந்த மீன் நிறையத் தண்ணீர் விடும். எனவே உப்பும் மஞ்சளும் தடவி 15 நிமிடம் வைத்து, ஊறிய நீரை ஒற்றி எடுங்கள்.

வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை ஆகியவற்றைச் சிறிது எண்ணெயில் தாளித்து, பழப்புளிக் கரைசலும் கறித்தூளும் சேர்த்து நன்றாகக் கொதிக்க விடுங்கள். அதன்பின் பெரிய துண்டுகளாக வெட்டிய மீனைப் போட்டு, மெல்லிய நெருப்பில் 8 முதல் 10 நிமிடம் வேகவிட்டால் போதும். கடைசியில் இரண்டு கரண்டி தேங்காய்ப்பால். றால் போன்ற இறுக்கமான சதை என்பதால் குழம்பில் கரையாது. ஒடியற் கூழுக்கும் நன்றாக இருக்கும்.

வாங்கும்போது கவனம்

தலை இல்லாமல் விற்கப்படுவதால் ஓர் ஆபத்தும் உண்டு. 2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில், மங்க்பிஷ் என்று எழுதி விற்கப்பட்ட மீனில் சூப் வைத்துக் குடித்த இருவர் நோயுற்றனர். பரிசோதித்தபோது அந்த மீனில் பேத்தை மீனின் நஞ்சு இருந்தது. தலையும் குடலும் நீக்கி உறையவைத்து இறக்குமதி செய்யப்பட்ட அந்த மீன்களை வாங்கவோ உண்ணவோ வேண்டாம் என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

பேத்தை மீன் எமக்குப் புதியதல்ல. மட்டக்களப்புப் பகுதியில் அதைச் சமைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்திகளை வாசித்திருப்போம். அதன் நஞ்சு சமைத்தாலும் அழியாது, உறைய வைத்தாலும் அழியாது. அதற்கு மாற்று மருந்தும் இல்லை.

ஆகவே நம்பகமான கடையில் வாங்குங்கள். விவரச் சீட்டில் லோஃபியஸ் என்ற விஞ்ஞானப் பெயரும் பிடிபட்ட கடலின் பெயரும் உள்ளனவா என்று பாருங்கள். பெயர் இல்லாத உறைந்த மீன் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். முழு மீன் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். அந்த அகன்ற வாயைப் பார்த்தால் வேறு மீன் என்ற சந்தேகம் வராது.

மீன் உண்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ உதடும் நாக்கும் விறைத்தால், தொடர்ந்து வாந்தியோ கைகால் சோர்வோ வந்தால், வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திருக்காதீர்கள். உடனே அவசர இலக்கத்தை அழையுங்கள். மூச்சு நிற்கும் முன் வைத்தியசாலைக்குச் சென்றால், செயற்கைச் சுவாசம் கொடுத்து உயிரைக் காப்பாற்ற முடியும். மீதி மீனை எறியாமல் கையோடு கொண்டு செல்லுங்கள்.