வேர் அழுகிய ஆர்க்கிட்டை மீட்பது எப்படி?

ஆர்க்கிட் செடி இலை சுருங்கி வாடினால், உடனே கை தண்ணீர் எடுக்கத்தான் போகும். பல செடிகள் சாவது அந்தத் தண்ணீரால்தான். தண்ணீர் கிடைக்காத செடியும் வாடும்; தண்ணீரைக் குடிக்க வேர் இல்லாத செடியும் அதே மாதிரி வாடும். எது என்று முதலில் பார்க்கணும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது, வானகரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் நிழல்வலைக் குடிலிலும் தண்ணீர் நின்றது. தரையில் இருந்த 40 டெண்ட்ரோபியம் தொட்டிகளும் நனைந்து ஊறின. பூ விற்கிற காசில்தான் அவர் மகளின் படிப்புச் செலவு ஓடுது. "தூக்கிப் போட்டுடுங்க" என்று சொன்னவர்கள் உண்டு. நாங்கள் இருவரும் ஒவ்வொரு தொட்டியாகப் பிரித்துப் பார்த்தோம். அப்போது செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஏன் அழுகுது?

டெண்ட்ரோபியம், வாண்டா, ஃபெலனாப்சிஸ் எல்லாம் மரத்தில் தொற்றி வாழ்பவை. புல்லுருவி மாதிரி மரத்தின் சாற்றை உறிஞ்சாது. இருக்க இடம் மட்டும் கேட்கும். வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. மழை பட்டால் குடித்துப் பச்சையாகும், காய்ந்தால் வெள்ளி நிறமாகும். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்கணும். ஈரத்திலேயே கிடந்தால் காற்றில்லாமல் வேர் மூச்சுமுட்டிச் சாகும். அதன் மேல்தான் பூஞ்சை ஏறும். மக்கிப் பொடியான பழைய மட்டைத் துண்டும், உப்பு மிகுந்த போர் தண்ணீரும் இதே கேட்டைச் செய்யும்.

மீட்கும் முறை

1. தொட்டியைக் கவிழ்த்து, பழைய கலவையை முழுசாக உதறி, வேரைக் கழுவுங்க. விரலால் அழுத்தினால் கெட்டியாக இருப்பது உயிர் வேர். கொழகொழவென்று நசுங்கி, நடுவில் நூல் மட்டும் மிஞ்சுவது செத்த வேர்.

2. கத்தியைத் தீயில் காட்டி, செத்த வேரை நறுக்குங்க. ஒவ்வொரு செடிக்கும் மறுபடி தீயில் காட்டணும். வெட்டுவாயில் மட்டும் பட்டைத்தூள் தொட்டு வையுங்க. நல்ல வேரில் பட்டால் அதையும் காயவைத்துவிடும். இலை உதிர்ந்த பழைய தண்டு கெட்டியாக இருந்தால் வெட்டாதீங்க, செடியின் சேமிப்பு அதில்தான் இருக்கு. பூங்காம்பு இருந்தால் மட்டும் எடுத்துடுங்க.

3. ஒரு நாள் நிழலில் காற்றாட விடுங்க, வெட்டுக்காயம் ஆறட்டும்.

4. மிஞ்சிய வேருக்கு ஏற்ற சின்னத் தொட்டியே போதும். தேங்காய் மட்டைத் துண்டுகளை 2, 3 நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்குங்க. அதோடு மரக்கரி, ஓட்டுச்சில்லு சேருங்க. நார்க்கழிவுத் தூள் வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். செடி ஆடாமல் ஒரு குச்சியில் துணிநாடாவால் கட்டணும். ஆடினால் புது வேரின் நுனி முறியும்.

5. வேரில்லாத செடிக்கு ஈரக்காற்றுதான் துணை. கூழாங்கல் பரப்பிய தட்டில் தண்ணீர் விட்டு, தொட்டி தண்ணீரைத் தொடாமல் அதன்மேல் வையுங்க. நேர் வெயில் படக்கூடாது. தொட்டிக்குக் காலையில் மட்டும், மேல்துண்டுகள் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்க. பிடித்துவைத்த மழைநீர் இருந்தால் நல்லது.

6. இந்தக் காலத்தில் எந்த ஊட்டமும் வேண்டாம், பஞ்சகவ்யாகூட வேண்டாம். காய்ச்சலில் கிடப்பவருக்கு விருந்து போடுவோமா?

டெண்ட்ரோபியத்தில் புது வேர் பழைய வேரிலிருந்து வராது. புதுத் தளிரின் அடியிலிருந்து வரும். எங்களுக்கு மாசியில்தான் முதல் பச்சை நுனி கண்ணில் பட்டது. வேர் 2 அங்குலம் நீண்ட பிறகு மீன் அமிலம் கொடுத்தோம். வானகரம் மீன் சந்தைக் கழிவும் சம எடை வெல்லமும் சேர்த்து ஊறவைத்து வடிகட்டியது. லிட்டர் தண்ணீருக்கு 1 மி.லி. மட்டும், வாரம் ஒரு முறை. அடுத்த முறை வெறும் தண்ணீர் விட்டுக் கழுவிவிடணும்.

40-இல் 26 செடிகள் பிழைத்தன. தண்டின் அடிவரை கறுத்து மெத்தென்று ஆனவை தேறவில்லை. அவற்றைத் தனியே அப்புறப்படுத்தினோம். பிழைத்தவையும் பூக்க அடுத்த வருஷம் ஆனது. அதுவரை அக்கா மல்லிகைச் சரம் கட்டி விற்றுச் சமாளித்தார்.

வெனிலாவும் ஆர்க்கிட் குடும்பம்தான். வடிகால் இல்லாத இடத்தில் அதற்கும் வேரழுகல் வரும். அதைப் பயிரிடுபவர்களும் கவனிக்கணும். ஐப்பசி மழைக்கு முன்பே பழைய கலவையை மாற்றி, தொட்டிகளைத் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் ஏற்றிவிடுங்க. அழுகிய பிறகு பார்க்கும் வைத்தியத்தைவிட அது சுலபம்.