துண்டுத் துணிப் போர்வை

துவாக்குடித் தையற்கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துணிகளோடு, பழகிய உறையூர்ப் பருத்திச் சேலையின் நையாத பாகங்களையும் சேர்த்துப் போர்வை தைக்க விரும்புவோர், சாயம் போகும் துணிகளை, விசேஷமாகச் சிவப்பையும் கருநீலத்தையும், தனியே அலசி உலர்த்தித் தேய்த்த பின்னரே வெட்டுதல் உசிதம். 6½ அங்குலச் சதுரமாக வெட்டினால், நாற்புறமும் தையலுக்குக் கால் அங்குலம் போக, 6 அங்குலம் நிற்கும்.

அடுக்கும்போது நிறத்தைக் காட்டிலும் வெளிர், அடர்த்தி என்ற பேதமே பிரதானம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, சதுரங்களைத் தரையில் பரப்பி, நாற்காலிமீது நின்று, கண்ணைப் பாதி மூடி நோக்கினால், அடர்நிறங்கள் எந்த மூலையில் திரண்டிருக்கின்றன என்பது புலப்படும். அங்கே ஒரு வெளிர்த்துண்டை மாற்றி வையுங்கள். கர்நாடகத்தின் வட கன்னடத்துச் சித்தி சமூக மகளிர், கவந்திப் போர்வையை ஓரத்தில் தொடங்கி மையம் நோக்கித் தைப்பவர்கள். அவர்களுக்கு முன்கூட்டியே அடுக்கிப் பார்க்கும் இந்தப் பிரயாசை இல்லை! நமக்கோ, வரிசை எண்ணைச் சீட்டில் எழுதிக் குத்திய பிறகே துண்டுகளை எடுப்பது க்ஷேமம்.