அப்பாக்களும் பிள்ளைகளும்

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகன் எந்நேரமும் 'டீன் டைட்டன்ஸ்' காமிக்ஸும் கையுமாக இருக்கிறான். தறி வேலை முடிந்து நானும் புரட்டிப் பார்த்தேன். அடிதடிக்கு மேல் அதில் என்ன இருக்கிறது?
– வாசகி ஒருவர், ஏனாத்தூர்

பதில்: நிறைய இருக்கிறது, அம்மா. 1980-ல் மார்வ் வொல்ஃப்மேன் எழுத, ஜார்ஜ் பெரஸ் வரைந்த 'நியூ டீன் டைட்டன்ஸ்' தொடரில் பாதிச் சண்டை வீட்டுக்குள்தான். ஆய்வுக்கூட விபத்தில் தாயை இழந்த, குழுவில் ஒருவனான விக்டரை, பாதி இயந்திரமாக்கிப் பிழைக்க வைக்கிறார் விஞ்ஞானியான அப்பா. பிள்ளைக்கோ அந்த உடம்பே பிடிக்கவில்லை. அப்பாவை மன்னிக்கவும் முடியவில்லை. இருவரும் மனம்விட்டுப் பேசும் இதழை மகனிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள், கண் கலங்கும். ரேவன் என்ற பெண்ணுக்குத் தகப்பனே பேரரக்கன். 1984-ல் 'ராபின்' என்ற பெயரைத் துறந்து நைட்விங் ஆகிறான் டிக் கிரேசன். வளர்த்தவரை மதித்துக்கொண்டே தனக்கென்று ஒரு பெயர் தேடும் வயது அது. உங்கள் மகனின் வயதும் அதை ஒட்டியதே.

தமிழில் 1972 முதல் முத்து காமிக்ஸ், பிறகு லயன் என்று சிவகாசி நமக்குத் தந்த நாயகர்கள், இரும்புக்கை மாயாவி உட்பட, பெரும்பாலும் வளர்ந்த ஆட்கள். எனவே தன் வயதுக்காரர்களின் கூட்டம் உங்கள் மகனை இழுப்பதில் வியப்பில்லை. டைட்டன்ஸ் தொடரின் 'ஜூடாஸ் காண்ட்ராக்ட்' கதையில் வரும் நம்பிக்கைத் துரோகம் மட்டும் சற்றுக் கடுமையானது; அதை அவனோடு சேர்ந்து படியுங்கள்.